‘நீங்கள்தானே கொடுத்தீர்கள்?’
கணினிக் காலத்துக் களவும் பழிசுமத்தலும்

இன்று வங்கிக்குட் சென்றாலும், கைத்தொலைபேசியைத் திறந்தாலும், பல்கலைக்கழக அறிவித்தற் பலகையின் முன் நின்றாலும் ஓர் அறிவுரை தவறாது நம் கண்ணிற் படுகின்றது. ‘இணையத்தில் அவதானமாயிருங்கள்; உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில்’ என்பதே அது. கேட்பதற்கு இதமான அறிவுரை, மறுத்துரைக்க முடியாததுங்கூட. அவதானம் வேண்டாமென்று எவரும் கூறார். எனினும் ஓர் அறிவுரை உண்மையானதா என்று மட்டும் பார்த்தல் போதாது. அதனைச் சொல்பவர் யார், எந்த வேளையிற் சொல்கிறார், சொல்வதனால் யாருடைய கடமை மறைக்கப்படுகின்றது என்பனவும் நோக்கப்படல் வேண்டும். அவ்வாறு நோக்குமிடத்து, இவ்வறிவுரை எச்சரிக்கை என்ற நிலையிலிருந்து இறங்கி, பொறுப்பினை வலியவரிடமிருந்து எளியவரின் தோளுக்கு மாற்றுங் கருவியாகிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

1. ஒரு தாயாரின் அனுபவம்

எமது பீடத்தில் இரண்டாம் வருடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தாயார் வன்னிக் கிராமமொன்றில் வாழ்பவர். சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் அவருடைய கைத்தொலைபேசிக்கு அழைப்பொன்று வந்தது. பேசியவன் பணிவாகவும் நல்ல தமிழிலும் பேசினான். மகளின் பெயரையும், அவள் பயிலும் பீடத்தையும், தாயாரின் அடையாள அட்டை இலக்கத்தையும் அவன் அறிந்திருந்தான். மகளுக்கு உதவிப்பணம் ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், அதனைத் தாயாரின் கணக்கில் வைப்பிலிடுவதற்கு இப்போது தொலைபேசிக்கு வந்திருக்கும் ஆறிலக்க எண்ணைக் கூறவேண்டும் எனவும் சொன்னான். தாயார் கூறினார். சிறுபோக நெல்லை விற்று மகளின் விடுதிச் செலவுக்கென வைத்திருந்த 64,000 ரூபா அரைமணி நேரத்தில் மறைந்தது.

மறுநாள் தாயும் மகளும் பேருந்தேறி வங்கிக் கிளைக்குச் சென்றனர். அங்கிருந்த உத்தியோகத்தர் கடுமையாகப் பேசவில்லை. “அம்மா, நீங்கள்தானே இலக்கத்தைக் கொடுத்தீர்கள்? எவருக்கும் கொடுக்க வேண்டாமென்று அந்தச் செய்தியிலேயே போட்டிருக்கிறதே” என்றார். அத்துடன் விசாரணை முடிந்தது. அச்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. அந்தத் தாயாரோ தமிழ்ப் பத்திரிகையை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை வாசிப்பவர், ஆங்கிலம் அறியாதவர்.

இந்நிகழ்ச்சியைச் சற்றுப் பகுத்து நோக்குவோம். தாயாரின் கணக்கு அன்று மாலை, அதற்குமுன் ஒருபோதும் பயன்படுத்தப்படாத வேறொரு தொலைபேசியிற் பதிவுசெய்யப்பட்டது. பதிவான சில நிமிடங்களில் கணக்கு வழித்துத் துடைக்கப்பட்டது. மாதத்துக்கு ஓரிரு தடவை மாத்திரம் சிறுதொகை எடுக்கும் ஒரு கணக்கில் இது நிகழ்ந்தது. பணம் போய்ச் சேர்ந்ததும் வேறோர் ஆளின் பெயரால், உரிய அடையாளச் சான்றுகளுடன் திறக்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்கிலேயே. எச்சரிக்கை வாடிக்கையாளருக்கு விளங்காத மொழியில் அனுப்பப்பட்டது. இத்தனை வாயில்களையுங் கடந்தே களவு நடந்தேறியது. அவற்றுள் ஒன்று தாயாரின் கையில் இருந்தது. ஏனையவை நிறுவனங்களின் கையில் இருந்தன. ஆயினும் ‘காரணம்’ என்று பெயர் பெற்றது தாயாரின் செயல் ஒன்றே.

இதனினும் கவலைக்குரிய விளைவொன்று உண்டு. அத்தாயார் பழியை ஏற்றுக்கொண்டார். அயலாருக்கு இதனை அவர் சொல்லவில்லை, பொலிசிலும் முறையிடவில்லை. “என்ர பிழைதானே” என்று மகளிடம் கூறியதோடு அமைந்தார். ஆகவே அடுத்த வாரம் அதே கிராமத்தில் அதே குரல் வேறொரு தாயாரை அழைக்குமானால், அவரை எச்சரிக்க எவரும் இரார். பழி வெட்கத்தை வளர்க்கின்றது. வெட்கம் வாயை அடைக்கின்றது. அடைபட்ட வாய்களே கள்வனுக்கு அரணாகின்றன.

2. களவு ஒரு தொழிலமைப்பு

நம்முட் பலர் இணையக் கள்வனைத் தனித்திருந்து தந்திரஞ் செய்யும் கெட்டிக்கார இளைஞனாகவே இன்னமும் கற்பனை செய்கின்றனர். கணினி வலையமைப்புகளின் தொடக்கக் காலத்துக்கு அக்கற்பனை ஓரளவு பொருந்தும். 1988 நவம்பரில் அக்கால இணையத்தைத் திணறச் செய்த நிரலை எழுதியவர் ஒரு பட்டப்பின்படிப்பு மாணவர். 2000 மே மாதத்தில் காதற் கடிதம்போல மின்னஞ்சலில் வந்து உலகெங்கும் பரவிய நிரல் மணிலாவில் ஓர் இளைஞரிடமிருந்து புறப்பட்டது. அன்று பிலிப்பைன்சில் அதற்குரிய சட்டமே இருக்கவில்லையாதலால் அவர் தண்டிக்கப்படவுமில்லை.

இன்றைய நிலை வேறு. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஒகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேரும் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடித் தொழிலில் வலிந்து ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. வேலைவாய்ப்பு என்று நம்பிச் சென்று அகப்பட்டவர்களுள் இலங்கை இளைஞரும் இருந்தனர். அவர்களிற் சிலர் பின்னர் மீட்கப்பட்டனர். இவ்வாறு கள்வனாகக் குரல் கொடுப்பவனே சிலவேளை கூலியற்ற அடிமையாயிருக்கிறான். அவனுக்கு எழுதப்பட்ட வசனமும், அழைக்கவேண்டிய இலக்கங்களின் பட்டியலும், நாளொன்றுக்கு ஈட்டவேண்டிய தொகையும் உண்டு. களவாடிய பணத்தைக் கைமாற்றுவதற்கு ‘வாடகைக் கணக்கு’ கொடுக்கும் இடைத்தரகரும் உளர்; சில ஆயிரம் ரூபாவுக்காகத் தம் கணக்கைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கும் மாணவரும் அவ்வலையில் விழுகின்றனர்.

மூலதனமும் தொழிற்பிரிவும் கொண்ட இத்தகைய அமைப்பொன்றின் முன், வயல் வேலை முடித்து வந்து களைத்திருக்கும் ஒரு பெண்ணைத் தனித்து நிறுத்தி, ‘அவதானமாயிரு’ என்று கூறுவது எவ்வகை நீதி?

3. பழியின் வரலாறு

பயன்படுத்துபவனைக் குற்றவாளியாக்கும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. 1965இல் ரால்ப் நேடர் என்னும் அமெரிக்கச் சட்டத்தரணி மோட்டார் வாகனங்களின் ஆபத்தான அமைப்பினை அம்பலப்படுத்தி நூலொன்றை வெளியிட்டார். அதுவரை விபத்துக்களுக்குச் சாரதியின் கவனயீனமே காரணம் என்று கூறி, வாகன உற்பத்தியாளர் தப்பி வந்தனர். மோதலின்போது சாரதியின் நெஞ்சைப் பிளக்கும் சுக்கான் தண்டு எவருடைய கவனயீனம் என்ற வினாவை நேடர் எழுப்பினார். அடுத்த ஆண்டே வாகனப் பாதுகாப்புக்கான சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. சாரதிகள் அதன்பின் தேவர்களாகிவிடவில்லை, வாகனங்கள் மாறின.

கணினித் துறையிலும் இதற்கிணையான வரலாறு உண்டு. கடவுச்சொல்லைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும், அதில் பெரிய எழுத்தும் இலக்கமும் குறியீடும் இருத்தல் வேண்டும் என்னும் விதிகளை நாம் அனைவரும் அறிவோம். அவற்றை உலகெங்கும் பரப்பிய ஆவணங்களுள் முதன்மையானது அமெரிக்க நியம நிறுவனத்துக்காக 2003இல் எழுதப்பட்ட வழிகாட்டியாகும். அதன் ஆசிரியரான பில் பர், தாம் எழுதியவற்றிற் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இற் பத்திரிகைக்கு வெளிப்படையாகவே கூறினார். அதே ஆண்டில் அந்நிறுவனமும் காரணமின்றிக் காலத்துக்குக் காலம் கடவுச்சொல் மாற்றும் விதியைக் கைவிட்டது. மாற்றுமாறு வற்புறுத்தப்படும் மனிதர் பழைய சொல்லின் ஈற்றில் 1 என்பதை 2 ஆக்குவர். குறியீடு வேண்டுமெனின் ஈற்றில் ஒரு வியப்புக்குறியைச் சேர்ப்பர். இதனைக் கள்வரும் அறிவர். ஆகவே பல ஆண்டுகளாக மக்கள் சுமந்தது பெரும்பாலும் பயனற்ற சுமை. அச்சுமையைத் தாங்காதவர்களே ‘பொறுப்பற்றோர்’ எனப் பெயர் பெற்றனர்.

இதனை முன்கூட்டியே உணர்ந்தவர் இல்லாமலில்லை. ஆன் அடம்ஸ், அஞ்செலா சாஸ் என்னும் இரு ஆய்வாளர் 1999இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘பயனர் பகைவரல்லர்’ என்னும் பொருளுடையது. மனித இயல்புக்கும் தொழிற்சூழலுக்கும் ஒவ்வாத விதிகளே மக்களைக் குறுக்குவழியிற் செலுத்துகின்றன என அவர்கள் காட்டினர். இன்னும் பின்னோக்கிச் செல்லின், 1883இல் ஓகுஸ்த் கெர்க்கோவ்ஸ் இராணுவ மறையெழுத்துப் பற்றி வகுத்த ஆறு நிபந்தனைகளை இவ்விடத்துக் குறிப்பிடல் தகும். திறவுகோலைத் தவிர ஏனைய யாவும் எதிரிக்குத் தெரிந்தாலும் முறை பாதுகாப்பாயிருத்தல் வேண்டும் என்பது அவற்றுட் புகழ்பெற்றது. ஆறாவது நிபந்தனையை எவரும் அதிகம் பேசுவதில்லை. முறை கையாள எளிதாயிருத்தல் வேண்டும். மூளையைப் பிழிவதாகவோ நீண்ட விதிப்பட்டியலை நினைவில் வைக்கச் செய்வதாகவோ இருத்தலாகாது என்பதே அது. போர்க்களத்துச் சிப்பாய்க்கு 1883இற் காட்டப்பட்ட இக்கருணை இன்று நம் தாய்மாருக்குக் காட்டப்படவில்லை.

4. போதிப்போர் தாம் செய்தவை

பொதுமக்களுக்கு மூன்று போதனைகள் ஓயாது கூறப்படுகின்றன. மென்பொருளைப் புதுப்பியுங்கள், தரவுகளுக்கு மறுபிரதி வையுங்கள், கடவுச்சொற்களைக் காத்துக்கொள்ளுங்கள். இவற்றைப் போதிக்கும் வகையைச் சேர்ந்த பெருநிறுவனங்கள் தாம் எவ்வாறு நடந்துகொண்டன?

2023இல் நமது அரசாங்கத்தின் மேகக்கணினி அமைப்பு பணயத் தாக்குதலொன்றுக்கு உள்ளாயிற்று. அரச மின்னஞ்சற் சேவையில் மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அச்சேவை மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு மென்பொருளில் இயங்கிவந்தது. அழிந்த காலப்பகுதிக்குரிய மறுபிரதியும் இருக்கவில்லை. ஒரு மாணவன் தன் ஆய்வேட்டுக்கு மறுபிரதி வைக்காது இழந்தால், நாம் அவனை அசட்டை செய்தவன் என்போம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதங்களை இழந்த அமைப்பினை என்னென்பது?

2017 மே 12ஆந் தேதி ‘வன்னாக்கிறை’ என்னும் நிரல் சில நாள்களுள் ஏறத்தாழ 150 நாடுகளில் 200,000க்கு மேற்பட்ட கணினிகளை முடக்கியது. அதற்கு வழிசெய்த மென்பொருட் பலவீனத்தை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் முன்னரே கண்டறிந்து, தன் உளவுத் தேவைக்காக மறைத்து வைத்திருந்தது. அக்கருவி களவுபோய் வெளியானபின்னரே உலகம் அதன் விலையைச் செலுத்தியது. திருத்தம் மார்ச் மாதத்தில் வெளிவந்திருந்தும் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மூன்றிலொரு பங்கு வைத்தியசாலை நிருவாகங்கள் பாதிக்கப்பட்டன. 19,000க்கு மேற்பட்ட நோயாளர் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் என அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது.

2016 பெப்ரவரியிற் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை எடுக்க முயன்றனர். 81 மில்லியன் பிலிப்பைன்சுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் திரும்பப் பெறப்பட்டது. பணம் பெறவிருந்த அமைப்பின் பெயரில் ஆங்கில எழுத்துப்பிழை இருந்தமையால் இடைவங்கியொன்று ஐயுற்று வினவியதே அதற்குக் காரணம் எனப்பட்டது. ஒரு நாட்டின் மத்திய வங்கியையே ஓர் எழுத்துப்பிழை காப்பாற்றியதெனில், 64,000 ரூபா வைத்திருந்த தாயாரைக் காப்பாற்ற அவருடைய அவதானம் மட்டும் போதும் என்பது நகைப்புக்குரியது.

5. ஈடு கொடுத்தால் மக்கள் கெடுவரா?

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். இழந்த பணத்தை வங்கிகள் ஈடுசெய்யின் மக்கள் மேலும் அசட்டையாவர். பொய்க் கோரிக்கைகளும் பெருகும் என்பர். இம்மறுப்பு முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆனால் இதற்கு உலக அனுபவம் விடை தந்திருக்கின்றது.

சிங்கப்பூரில் 2021இன் இறுதியில் வங்கியொன்றின் பெயரால் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி 790 பேர் 13.7 மில்லியன் சிங்கப்பூர் டொலரை இழந்தனர். அவ்வங்கி நல்லெண்ண அடிப்படையில் அவர்களுக்கு முழுத்தொகையையுங் கொடுத்தது. அதனினும் முக்கியமானது அடுத்து நிகழ்ந்தது. 2022 ஜனவரியில் அந்நாட்டு நிதி அதிகார சபை வங்கிகளின் நடைமுறையையே மாற்றுவித்தது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்திகளில் அழுத்திச் செல்லும் இணைப்புகள் நீக்கப்பட்டன. புதிய கருவியொன்றில் உறுதிப்படுத்தும் வசதி பதிவானால், அது செயற்படக் குறைந்தது 12 மணி நேரம் தாமதிக்கவேண்டும் என்றாயிற்று. அத்தகைய தாமதமொன்று இங்கு இருந்திருப்பின், மேற்கூறிய தாயாரின் பணம் மறுநாட் காலையிலும் கணக்கிலேயே இருந்திருக்கும்.

பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணத்தை அனுப்பிய வாடிக்கையாளருக்கும் 85,000 பவுண் வரை ஈடு கொடுத்தல் கட்டாயமாக்கப்பட்டது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதனைச் சரிபாதியாக ஏற்றல் வேண்டும். வெளிப்படையான பெருங் கவனயீனத்துக்கு அதில் விலக்கு உண்டு. பொய்க் கோரிக்கைக்கும் இடமில்லை. பெற்ற வங்கியும் பாதி செலுத்த வேண்டும் என்னும் ஒரு விதியினால், கள்வருக்குக் கணக்குத் திறந்துகொடுப்பது வங்கிக்கே நட்டமாகின்றது. நட்டம் எங்கு விழுகின்றதோ அங்குதான் விழிப்புத் தோன்றும் என்பது பொருளியலின் எளிய பாடம்.

இது நமக்குப் புதிய நெறியுமன்று. தென்தமிழகத்தில் முன்னர் நிலவிய காவல் முறையில், ஊராரிடம் காவற்கூலி பெற்ற காவற்காரன் களவுபோன பொருளை மீட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவன். மீட்க இயலாவிடின் அதன் பெறுமதியை ஈடுசெய்தல் வேண்டும். அம்முறையில் இருந்த கொடுமைகளை நான் மறைக்கவில்லை. ஆயினும் கூலியும் பொறுப்பும் பிரிக்க முடியாதவை என்ற நியாயம் அதில் இருந்தது. திருக்குறளிலும் மறதியின்மையை வற்புறுத்தும் ‘பொச்சாவாமை’ என்னும் அதிகாரம் பொருட்பாலில் அரசியலைச் சார்ந்தே அமைந்துள்ளது. அதாவது விழிப்பு முதற்கண் ஆள்வோனுக்கு உரைக்கப்பட்ட கடமை. நம் காலத்தவர் அதனைப் பிடுங்கிக் குடிமக்களின் தலையில் வைத்துவிட்டனர்.

6. நாம் செய்யத்தக்கவை

அங்ஙனமாயின் தனிமனிதர் கைகட்டியிருக்கலாமா? இருக்கலாகாது. நிறுவனங்கள் திருந்தும்வரை களவு காத்திராது. ஆனால் நாம் செய்யவேண்டியவை சிலவே. பட்டியலை நீட்டுவதும் ஒருவகைப் பழிசுமத்தலேயாகும்.

முதலாவது, தொலைபேசிக்கு வரும் ஆறிலக்க எண் கையொப்பத்துக்குச் சமம். வங்கி, தபால் திணைக்களம், உதவிப்பணம், பரிசு என எப்பெயரால் எவர் கேட்பினும் கூறலாகாது. வட்ஸ்அப் கணக்குகள் களவாடப்படுவதும் இவ்வாறே. கேட்பவர் நண்பரின் கணக்கிலிருந்தே கேட்பார், ஏனெனில் அந்நண்பரின் கணக்கு முன்னரே களவுபோயிருக்கும். ஐயம் எழுந்தால் தொடர்பைத் துண்டித்து, வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கு நாமே அழைத்தல் வேண்டும்.

இரண்டாவது, மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறெங்கும் பயன்படலாகாது. ஏனைய கணக்குகளின் கடவுச்சொற்கள் யாவும் மின்னஞ்சல் வழியாகவே மாற்றப்படுவதால், அது வீட்டின் தலைவாயிலாகும். தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்களைக் கோத்து ஆங்கில எழுத்தில் எழுதினால் நீளமும் நினைவும் ஒருங்கே வாய்க்கும். கடவுச்சொற்களைக் காக்கும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். இயலாதவர் கொப்பியில் எழுதி வீட்டு அலுமாரியில் வைப்பதும் ஒரே சொல்லைப் பத்து இடங்களில் இடுவதினும் மேலானது. மின்னஞ்சலுக்கும் வட்ஸ்அப்புக்கும் இருபடிச் சரிபார்ப்பை இன்றே இயக்குதல் வேண்டும்.

மூன்றாவது, போட்டோக்கொப்பிக் கடை. பல்கலைக்கழக வாயிலில் உள்ள கடைக் கணினியில் நம் மின்னஞ்சலைத் திறந்துவிட்டு, மூடாமல் வருவோர் எத்தனை பேர்! நாளொன்றுக்கு நூறு பென்ட்ரைவுகள் செருகப்படும் அக்கணினி, ஒருவரின் நோயை அனைவருக்கும் பகிரும் பொதுக்கிணறு. அச்சிடவேண்டிய பிரதியை மட்டும் தனியொரு பென்ட்ரைவிற் கொண்டுசெல்வதும், ஆய்வேட்டின் ஒரே பிரதியை அதில் ஒருபோதும் வைக்காதிருப்பதும் சிறந்த வழக்கம். ஆய்வேட்டுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, அடையாள அட்டை இலக்கம். இது இரகசியம் என்று பலர் எண்ணுகின்றனர். பழைய அட்டையின் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கத்தால் அமையும். ஆகவே இலக்கத்தை அறிந்தவன் பிறந்த நாளையும் பாலையும் அறிவான். இவற்றையே கேட்டு ‘நீங்கள் நீங்கள்தானா’ என உறுதிப்படுத்தும் நிறுவனம் பூட்டைக் கதவிலும் திறப்பைப் படியிலும் வைக்கின்றது. அட்டைப் பிரதியைக் கேட்பவர்க்கெல்லாம் கொடாது, கொடுப்பின் எந்த நோக்கத்துக்கெனப் பிரதியின்மேல் எழுதிக் கொடுப்பது நன்று.

ஐந்தாவது, திருத்தம். மென்பொருட் திருத்தங்களைத் தள்ளிப்போடலாகாது. ஆனால் இங்கும் வறுமை குறுக்கிடுகின்றது. நம் மாணவரிற் பலர் மென்பொருளின் திருட்டுப் பிரதிகளையே பயன்படுத்துகின்றனர். அவற்றை நிறுவும்போது நச்சுநிரற் காவலை நிறுத்துமாறு கேட்கப்படும், நிறுத்துகின்றனர். மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. நிபந்தனைகளுடன் குறுகியகால நீடிப்பொன்றே எஞ்சியது. பழைய மடிக்கணினிகள் பல அடுத்த பதிப்பை ஏற்பதில்லை. நன்றாக இயங்கும் கருவியைக் குப்பையாக்கிவிட்டு, ‘புதுப்பியுங்கள்’ என்பது யாருக்கு இலாபம்? லினக்ஸ், லிப்ரே ஒபிஸ் போன்ற விலையற்ற மென்பொருள்களைப் பல்கலைக்கழகங்கள் கற்பித்து, மாணவரின் கணினிகளில் நிறுவிக்கொடுத்தல் இதற்கு நடைமுறையான விடை.

7. கேட்கத்தக்கவை

மேற்கூறிய ஐந்தும் நம் கடன். இனி நாம் கேட்கவேண்டியவற்றைக் கூறுவோம்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் கள்வனைத் தண்டிக்க வழிசெய்தது. காவலனின் கடமையை வகுத்தது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முதன்மையான கடப்பாடுகள், அந்நாள் வருமுன்னரே பிற்போடப்பட்டன. நிறுவனங்கள் ஆயத்தமாக அவகாசம் வேண்டுமாம். அத்தாயாருக்கு எவர் அவகாசம் கொடுத்தார்?

ஆகவே வங்கிகளிடம் மூன்றினைக் கேட்போம். எச்சரிக்கைச் செய்தி வாடிக்கையாளரின் மொழியில் வரவேண்டும்; 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாகிய ஒரு நாட்டில் இது சலுகையன்று. புதிய கருவி பதிவாகுமிடத்துத் தாமதம் வேண்டும். கவனயீனம் நிறுவப்படாதவிடத்து ஈடு வேண்டும். நிறுவும் சுமை வங்கியினுடையதாதல் வேண்டும்.

பல்கலைக்கழகத்திடமுங் கேட்போம். மாணவரின் பெயர், பீடம், பெற்றோரின் தொலைபேசி இலக்கம் ஆகியன அடங்கிய பட்டியல்கள் யார் யாருடைய வட்ஸ்அப் குழுக்களிற் சுற்றுகின்றன? அந்தக் குரல் மகளின் பீடத்தை எவ்வாறு அறிந்தது என்ற வினாவுக்கு இன்றுவரை விடையில்லை. விடை தேடவேண்டிய இடங்களில் நமது அலுவலகங்களும் ஒன்று.

ஈற்றில் நம்மிடமே கேட்போம். கணினியியல் கற்கும் தமிழ் மாணவர் ஆங்கிலத்திற் பரீட்சை எழுதி வெளியேறுகின்றனர். தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளர் கணினி தம் துறையன்று என ஒதுங்குகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திலேயே அத்தாயார் நின்றார். அந்த ஆறிலக்க எண் எத்தகையது என்பதை அவருக்கு விளங்கும் ஒரு பக்கத் தமிழில் எழுதி, ஊர் நூலகத்திலும் கோயில் வாசலிலும் சங்கக்கடையிலும் ஒட்டுவதற்குத் தமிழ்ச்சங்கத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் பத்து வீடுகளுக்குச் சென்று பேசலாம். பேசும்போது, ஏமாந்தவர் எவரேனும் இருப்பின் வெட்கப்பட வேண்டாம், முறையிடுங்கள் என்று கூறுதல் முதற்பணியாகும்.

முறையிடுவோர் ஒருவராயின் வங்கி ‘நீங்கள்தானே கொடுத்தீர்கள்?’ என்று கேட்கும். நூறுபேராயின் அக்கேள்வி திரும்பும். காவற்கூலி வாங்கியவர்கள் அன்று மாலை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நாம் கேட்போம்.